பத்தாம் நாள் வந்த ஆடுசதை வலி: சேற்றுத் தடையோட்டம் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் சிறிய உடற்பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்துகிறேன். வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ எங்கள் ஆட்கள் சிலரைச் சேற்றுத் தடையோட்டத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். அப்படிப் போன ஒரு முறை எங்களில் ஒருவருக்கு எலிக்காய்ச்சல் வந்தது எப்படி என்பதைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், நடத்திய நிறுவனம், மருத்துவமனை எதையும் சொல்லவில்லை. நாள் கணக்கு இதில் முக்கியம் என்பதால் பந்தய நாளைப் பூஜ்ஜியம் என்று வைத்து எண்ணுகிறேன்.

பின்னணி

சேற்றில் உருண்டு, சுவரேறி, கயிறு பிடித்து, முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து ஓடும் இந்தப் பந்தயம் 1987-இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் அருகே 'டஃப் கை' என்ற பெயரில் நடந்த குளிர்காலப் போட்டியிலிருந்து பேசப்படுகிறது. 2010-இல் அமெரிக்காவில் 'டஃப் மட்டர்', 'ஸ்பார்ட்டன் ரேஸ்' இரண்டும் தொடங்கிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. நம் பக்கத்தில் பெங்களூருவும் ஹைதராபாதும் இதற்கு முந்திக்கொண்டன. நாங்கள் போனது பெங்களூருவுக்கு வெளியே, ராகிக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த ஒரு திடல்.

நம்மவர் 34 வயது, கணினி வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. ஒன்றரை வருடமாக என்னிடம் பயிற்சி. 5 கிலோமீட்டரை 27 நிமிடத்தில் ஓடுவார். கம்பியில் தொங்குவதுதான் அவருக்குப் பலம். ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் தொங்குவார். அந்தப் பலமே வினையாகும் என்று அப்போது தோன்றவில்லை. நிறையத் தொங்குகிறவர்களுக்கு உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே காய்ப்பு ஏறும். அதைத் தேய்த்துச் சமமாக வைக்காவிட்டால், ஈரக் கம்பியில் அந்தக் காய்ப்பு மாட்டி, தோல் மொத்தமாகக் கழன்று வரும். பயிற்சியில் அவர் வேகத்தையும் எண்ணிக்கையையும் குறித்து வைத்த நான், உள்ளங்கையை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை.

பதினொரு பேர் போனோம். அதில் இவரையும் சேர்த்து நால்வர் ஓர் அணியாகப் பதிவு செய்திருந்தார்கள். அணிக்கு நேரம் கணக்கிடுவது கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் எடுத்த முடிவில் இதற்குப் பங்கு உண்டு.

பந்தய நாள்

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. அதற்கு முந்தைய வாரம் முழுக்க மழை. சேற்றுக்குழிகள் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே வெட்டப்பட்டு, மழைத்தண்ணீரும் வேறு எங்கிருந்தோ கொண்டுவந்த தண்ணீரும் சேர்ந்து நின்றிருந்தன. பெரிய குழியின் ஓரத்தில் மாட்டுக் குளம்படிகள், பக்கத்திலேயே பழைய சாணி. நான் இதைப் பார்த்தேன், படம் கூட எடுத்தேன். 'கிராமத்து மண் வாசனை' என்று அதற்குக் கீழே எழுதிக் குழுவில் போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நான்கு தடைகளில் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது மங்கி பார், அதாவது தலைக்கு மேலே உள்ள கம்பிகளைக் கை மாற்றிப் பிடித்துத் தொங்கியபடியே தாண்டுவது. முன்னால் போனவர்களின் கைச்சேறு கம்பிகளில் பசை மாதிரி அப்பியிருந்தது. இவர் ஏழாவது கம்பியில் வழுக்கி ஒரு கையால் தொங்கி, உடம்பை ஆட்டி மறுபடி பிடித்துத் தாண்டிவிட்டார். அந்தப்பக்கம் இறங்கி வலக்கையை விரித்தபோதுதான் தெரிந்தது. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் கீழே காய்ப்பு அப்படியே பிய்ந்து, ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அடியில் பச்சைச் சதை, இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு. ரத்தம் அதிகமில்லை. சேறு உள்ளே போயிருந்தது.

முதலுதவிக் கூடாரத்தில் பாட்டில் தண்ணீர் ஊற்றி, மருந்து தடவி, பிளாஸ்திரி ஒட்டினார்கள். அது அடுத்த குழியில் ஐந்து நிமிடம் கூட நிற்கவில்லை.

அங்கே என் முன்னால் இரண்டு வழி இருந்தது. அவரை நிறுத்திவிடலாம், அணியின் நேரம் போய்விடும். அல்லது தொடரச் சொல்லலாம். நான் கேட்டது ஒரே கேள்வி: "டிடி ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சு?" இரண்டு வருடத்துக்கு முன்பு என்றார். சரி, போங்க என்றேன். திறந்த புண், மண் என்றால் என் மனதில் வந்தது டெட்டனஸ் மட்டும்தான். அதற்குத் தடுப்பு இருக்கிறது என்றதும் விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்தேன். மீதி இருந்தவை பத்துத் தடைகள், அதில் நான்கு இடுப்பளவு சேறு. முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்த இடத்தில் முகம் முழுக்கத் தண்ணீருக்குள் போய், இரண்டு மிடறு விழுங்கியதாக அவரே பிறகு சொன்னார்.

முடித்த பிறகு குளிக்கக் குழாய் இருந்தது, வரிசையும் இருந்தது. முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு, பதக்கத்தோடு படம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டோம். வேனில் கைச்சேற்றோடு பிஸ்கட். ஓசூர் தாண்டி ஒரு டீக்கடையில்தான் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். அதற்குள் புண்ணில் சேறு ஏறி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

முதல் வாரம்

ஒன்றாம் நாளிலிருந்து மூன்றாம் நாள் வரை எல்லோருக்கும் உடம்பு வலி. மாடிப்படியில் பின்புறமாக இறங்கினோம். பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் தசையில் வருகிற இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக இறங்கும். ஒரு வாரத்துக்குள் சுவடில்லாமல் போய்விடும். அவருக்கும் அப்படித்தான் போனது. ஐந்தாம் நாள் கூடத்துக்கு வந்து மெதுவாக ஓடிவிட்டுப் போனார். உள்ளங்கையும் காய்ந்து தோல் மூடத் தொடங்கியிருந்தது. புண்ணில் சீழ் இல்லை, சிவப்பு இல்லை. புண் ஆறிவிட்டதே என்ற நிம்மதிதான் அடுத்த வாரம் எங்கள் கண்ணை மறைத்தது.

காய்ச்சல் தொடங்கியது

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலையிலிருந்து வந்தவருக்குத் திடீரென்று குளிர் நடுக்கம். 102 டிகிரி. பின்மண்டை வலி. பத்தாம் நாள் காலையில் எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்:

"மாஸ்டர், நல்லா காச்சல் அடிக்குதுங்க. ஆடுசதை ரெண்டும் தொட முடியல. ரேஸ் வலி திரும்ப வந்துடுச்சு போல."

இந்த மூன்று வாக்கியத்தில் நோயே இருக்கிறது. போன வலி பத்தாம் நாள் திரும்பி வராது. உழைப்பால் வரும் தசைவலிக்கு அப்படி ஒரு பழக்கமே இல்லை. இதைப் பலருக்கும் பாடமாகச் சொல்கிற நான், அன்று யோசிக்கவில்லை. "திங்கக்கிழமை கொஞ்சம் அதிகமா ஓட்டிட்டேன் போல. ரெஸ்ட் எடுங்க, தண்ணி நிறையக் குடிங்க. வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கங்க" என்று பதில் போட்டேன். மருந்தின் அளவையும் சொன்னேன். நான் மருத்துவன் இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு அருகே உள்ள மருத்துவரிடம் போனார். டெங்கு காலம். என்எஸ்1 பரிசோதனை இல்லை என்று வந்தது, பிளேட்லெட் 1,30,000. வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம், இரண்டு நாளில் குறையாவிட்டால் வாருங்கள் என்றார் மருத்துவர். வெளியூர் போனீர்களா என்றும் கேட்டிருக்கிறார். "ஒருநாள் பெங்களூர் போய் வந்தேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். சேறு, புண், விழுங்கிய தண்ணீர் எதுவும் அந்தப் பதிலில் இல்லை. பெங்களூரு போய் வந்தவரை எந்த மருத்துவர் எலிக்காய்ச்சல் என்று நினைப்பார்? அந்த மருத்துவர் மீது எனக்குக் குறையில்லை.

பன்னிரண்டாம் நாள்

வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய மனைவி அழைத்தார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், நெல்வயல் உள்ள வீடு.

"சார், நீங்க கூட்டிட்டுப் போன இடத்துல தண்ணி எப்படி இருந்துச்சு?"

எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. கண் சிவந்திருக்கிறது என்றார். பீளை இல்லை, நீர் வடியவில்லை, வெள்ளை விழி மட்டும் ரத்தச் சிவப்பு. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது. காலைத் தொட்டால் கத்துகிறார். "எங்க மாமாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. ஊர்ல எலிப்பனின்னு சொல்லுவாங்க. வயல்ல எலி மூத்திரம் கலந்த தண்ணி பட்டு வர்றது. இவரு வயல்ல எறங்கலையே, அதான் உங்கள கேக்கறேன்."

வயலில் இறங்கவில்லைதான். பணம் கட்டி, நம்பர் குத்தி, அதைவிட மோசமான சேற்றில் இறங்கினார். சாணி ஓரத்தில் நான் எடுத்த அந்தப் படத்தை அவருக்கே அனுப்பிவிட்டு, நேரே மருத்துவமனைக்கு வரச் சொன்னேன்.

போகும் வழியில் ஒரு தாளில் எழுதினேன்: பந்தயத் தேதி, வலக்கையில் திறந்த புண், அதன் பிறகு நான்கு முறை இடுப்பளவு சேறு, குழித்தண்ணீர் விழுங்கியது, மாட்டுச்சாணி பார்த்தது, ஒன்பதாம் நாள் குளிர்க் காய்ச்சல், ஐபுப்ரோஃபென் ஆறு மாத்திரை, சொன்னது நான். கடைசி வரியை எழுதக் கை தயங்கியது. எழுதினேன். பணியில் இருந்த மருத்துவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, நேராக ஆடுசதையை அமுக்கிப் பார்த்தார்.

மருத்துவமனையில் எடுத்த முடிவுகள்

அவருடைய மனைவி எலிப்பனி என்று சொன்ன எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரா என்ற சுருள் கிருமியால் வருவது. எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெட்டுக்காயம், சிராய்ப்பு, கண், மூக்கு, வாய் வழியாக உள்ளே போகும். நோய் வெளிப்பட 2 முதல் 30 நாள் வரை ஆகலாம், பெரும்பாலும் 5 முதல் 14 நாள். பெரும்பாலோருக்குச் சாதாரணக் காய்ச்சலாகவே போய்விடும். சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தக்கசிவு என்று முற்றும். இந்த முற்றிய நிலையை ஹைடல்பெர்க்கில் அடால்ஃப் வைல் 1886-இல் விவரித்ததால் வைல் நோய் என்பார்கள்.

வந்த முடிவுகள்: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.1, காமாலையைக் காட்டும் பிலிரூபின் 3.4, இரண்டுமே அதிகம்; பிளேட்லெட் 82,000-க்கு இறங்கியிருந்தது. தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் சிபிகே-யும் ஏறியிருந்தது. அங்கே ஒரு சந்தேகம் எழுந்தது. கடும் உழைப்பில் தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைப்பதும் உண்டு; அதிலும் சிறுநீர் கறுத்துத்தான் போகும். ஓட்டக்காரர் என்றதும் இளம் மருத்துவர் ஒருவர் அந்தப் பக்கம் சாய்ந்தார். மூத்தவர் தாளைக் காட்டி, பந்தயம் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, இடையில் ஒரு வாரம் நன்றாக இருந்திருக்கிறார், தசைச்சிதைவு இவ்வளவு நாள் காத்திருக்காது என்றார். தேதிகள் எழுதியிருந்ததால்தான் அந்த வாதம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது.

இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் லெப்டோ ஐஜிஎம் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்கவில்லை. எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய ஐந்தாறு நாளாவது ஆகும், இவருக்கு அது காய்ச்சலின் நான்காம் நாள். இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது என்பது விளக்கம். அன்று இரவே நரம்பு வழியாக செஃப்ட்ரியாக்ஸோன் என்ற கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கினார்கள். ஐபுப்ரோஃபென் உடனே நிறுத்தம். ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்துக்கு அந்த வகை வலிமாத்திரை கூடுதல் சுமை என்று மருத்துவர் என்னைப் பார்த்தே சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்று இரவு மற்ற ஒன்பது பேரையும் அழைத்தேன். ஒருவருக்கு எட்டாம் நாள் காய்ச்சல் வந்து இரண்டு நாளில் தானே போயிருந்தது. அவரும் போய்ப் பரிசோதித்துக்கொண்டார், கோளாறு எதுவும் இல்லை. மற்றவர்களிடம் 30 நாள் முடியும் வரை காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "சேற்றில் இறங்கினேன்" என்ற வார்த்தையைச் சொல்லுங்கள் என்றேன்.

என்ன ஆனது

மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கிரியாட்டினின் 2.6 வரை ஏறி, பிறகு திரும்பியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை. முதல் ஐஜிஎம் தெளிவில்லாமல் வந்தது. பதினெட்டாம் நாள் வீட்டுக்குப் போனார். இருபத்திரண்டாம் நாள் மறுபரிசோதனையில் ஐஜிஎம் உறுதியாக வந்தது. ஆறு வாரத்தில் சிறுநீரக அளவுகள் இயல்பு. சோர்வுதான் நீண்டது, தெருமுனை வரை நடந்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். பழையபடி ஓட நான்கு மாதம் ஆனது.

அந்தக் குழியில்தான் கிருமி இருந்தது என்று நிரூபிக்க முடியாது. எங்கள் ஊர்ச் சாக்கடையிலும் எலி உண்டு. நாள் கணக்கு பொருந்துகிறது, புண் பொருந்துகிறது, அவ்வளவுதான். நடத்தியவர்களுக்கு விவரமாக எழுதினேன். பங்கேற்பாளர் கையெழுத்திட்ட உறுதிமொழியைப் பார்க்கவும் என்று இரண்டு வரிப் பதில் வந்தது. பார்த்தேன். 'இயற்கைச் சூழலால் ஏற்படும் இடர்கள்' என்று ஒரு தொடர் இருந்தது. இடி மின்னலிலிருந்து எலி மூத்திரம் வரை அதில் அடங்கும்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் இது புதிதல்ல என்று தெரிந்தது. 2000-இல் மலேசியாவின் சபாவில் நடந்த 'எக்கோ சேலஞ்ச்' சாகசப் போட்டியில் 304 பேர் கலந்துகொண்டார்கள். பிறகு தொடர்புகொள்ள முடிந்த 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதோடுதான் நோய் தொடர்புபட்டது. 2012 அக்டோபரில் அமெரிக்காவின் நெவாடாவில் ஒரு மாட்டுப்பண்ணையில் நடந்த தடையோட்டத்துக்குப் பிறகு 22 பேருக்கு கேம்பிலோபாக்டர் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு. சேற்றுத் தண்ணீரை விழுங்கியவர்களுக்கே அதிகம் வந்தது. இலங்கையில் 2008-இல் 7,000-க்கும் மேற்பட்ட எலிக்காய்ச்சல் நோயாளிகள் பதிவானார்கள். அங்கே நெல்விவசாயிகளுக்கு டாக்சிசைக்ளின் தடுப்பு மாத்திரை கொடுக்கும் வழக்கமே இருக்கிறது. வயலில் இறங்குகிறவருக்கு அவர் ஊர் சுகாதார ஆய்வாளர் சொல்லிவிடுகிறார். பொழுதுபோக்குக்கு இறங்குகிற எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது மாற்றியவை

தோல் திறந்துவிட்டால் அதன் பிறகு சேறு கிடையாது. சில போட்டிகளில் ஒரு தடையைத் தவிர்த்தால் தண்டனையாகப் பர்ப்பி (தரையில் படுத்து எழுந்து குதிக்கும் பயிற்சி) போடச் சொல்வார்கள். போட்டுவிட்டு ஓரமாகப் போகலாம். அணி நேரத்துக்கு நாங்கள் பதிவு செய்வதையே நிறுத்திவிட்டேன். அந்த விதி இருக்கும்வரை நானே இன்னொரு முறை "சரி, போங்க" என்பேன் என்ற பயம் எனக்கு உண்டு. என்னை நம்புவதைவிட விதியை மாற்றுவது எளிது.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு எல்லோருடைய உள்ளங்கையையும் பார்க்கிறேன். காய்ப்பைத் தேய்த்து மட்டமாக்கிவிட்டு வரச் சொல்கிறேன். கையுறை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சேறு பட்ட துணிக் கையுறை கம்பியில் சோப்பு மாதிரி வழுக்கும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. வேனில் இப்போது 20 லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்று, சோப்பு, வாளி. முடித்த பத்து நிமிடத்தில் கை, முகம், காயம் கழுவியாக வேண்டும், அப்புறம்தான் பிஸ்கட்டும் படமும்.

தடுப்பு மாத்திரையை நான் யாருக்கும் சொல்வதில்லை. புண்ணோடு சேற்றில் இறங்கிவிட்டவர் மருத்துவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளட்டும் என்று மட்டும் சொல்கிறேன். வலிமாத்திரை விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுக்கிறேன். ஒரு பக்கம் பந்தயத் தேதியும், சேற்றுத் தண்ணீரில் இறங்கினேன் என்ற வரியும், காயம் இருந்ததா என்ற கட்டமும். மறுபக்கம் 30 கட்டங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு புதிதாகத் தசைவலி வந்தால் எனக்குச் செய்தி அனுப்பாதீர்கள், இந்த அட்டையோடு மருத்துவரிடம் போங்கள் என்று அடியில் இருக்கிறது. சிலர் சிரிக்கிறார்கள். பர்ஸில் வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வருடப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அவர் வந்தபோது மனைவியும் கூட வந்தார். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. குழிக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், எத்தனை நாள் தேக்கி வைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் சார், அப்புறம் பணம் கட்டுகிறோம் என்றார். நடத்துகிறவர்களுக்கு எழுதி மூன்று வாரம் ஆகிறது. பதில் வரவில்லை. இன்னும் பணம் கட்டவில்லை.